புது டீச்சருக்குத் துணை நிற்பது எப்படி: கடைசி பெஞ்சிலிருந்து சில குறிப்புகள்

இந்த ஜூனில் எங்கள் பள்ளிக்கு இரண்டு புது ஆசிரியர்கள் வந்தார்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, “இவங்க ரெண்டு பேரையும் நீங்க பாத்துக்குங்க டீச்சர்” என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்த்துக்கொள்வது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நம்மில் யாருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. பி.எட்.டில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுக்கிறார்கள். பாடம் நடத்த வந்திருக்கும் ஒரு சின்னப் பெண்ணுக்கோ பையனுக்கோ துணை நிற்பதைப் பற்றி அங்கே நான் எதுவும் படித்த நினைவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கு ஒருவர் செய்தது மட்டும்தான். அதையே வேலை முறையாக இங்கே எழுதுகிறேன். பத்துப் பதினைந்து வருடம் சர்வீஸ் போட்ட எந்த ஆசிரியரும் நாளைக்கே ஆரம்பிக்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டும் டீ வாங்கித் தரக் கொஞ்சம் சில்லறையும் இருந்தால் போதும்.

அவரைப் பள்ளியில் எல்லோரும் ‘பெரிய டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவோம். காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு அரசு உதவி பெறும் நடுநிலைப்பள்ளி. நான் 2011-இல் அங்கே கணக்கு டீச்சராகச் சேர்ந்தபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வருட சர்வீஸ். எனக்கு 23 வயது.

அந்த வருடத்தை ஆசிரியர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர்க் கல்வி அதற்கு முந்தின வருடமே 1, 6 வகுப்புகளுக்கு வந்துவிட்டது. மற்ற வகுப்புகளுக்கு 2011-இல் வர வேண்டும். ஆட்சி மாறியது, திட்டம் நின்றது, வழக்கு போனது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை ஏழாம் வகுப்புக்குப் புத்தகமே கிடையாது. வாழ்க்கையில் முதல் வேலை, கையில் புத்தகம் இல்லை, எதிரே 46 பிள்ளைகள். பெரிய டீச்சரிடம் போய் “என்ன டீச்சர் நடத்துறது?” என்று கேட்டேன். “புத்தகம் வர்ற வரைக்கும் பிள்ளைங்களைப் படி கண்ணு” என்றார்.

முதலில் தெருவைக் காட்டுங்கள்

புதிதாக வருபவரிடம் முதல் நாளே பதிவேடுகளைக் காட்டாதீர்கள். வருகைப் பதிவேடு எங்கே, சி.எல். எழுதும் நோட்டு எங்கே என்பதெல்லாம் இரண்டு நாளில் தானாகவே தெரிந்துவிடும். முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் அவரை நடத்திக் கூட்டிப் போங்கள்.

என்னைப் பெரிய டீச்சர் அப்படித்தான் கூட்டிப் போனார். பள்ளி விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு “வா” என்றார். மீன்பிடித் துறைமுகத்துச் சுவர் ஓரமாக நடந்தோம். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் ஒருவரைக் காட்டி, “ஏழாவதுல உன் மூணாவது பெஞ்ச் பையன் இருக்கானே, அவங்கப்பா” என்றார். மெட்ரோ வாட்டர் லாரி நிற்கும் இடத்தில் வரிசையாகக் குடங்கள் இருந்தன. காலையில் தாமதமாக வரும் இரண்டு பெண் பிள்ளைகள் அந்த வரிசையில் நின்றுவிட்டுத்தான் வருகிறார்கள் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முந்தின நாள் அந்த இரண்டு பேரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். டீச்சருக்கு அது தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லாரியை மட்டும் காட்டினார்.

மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னார். அப்போது ஏப்ரல் 15-இல் தொடங்கி 45 நாள். இப்போது 61 நாள், ஜூன் 14 வரை போகிறது. பள்ளி திறக்கும் நேரத்தில் எங்கள் பகுதியில் பாதி வீடுகளில் பணப் புழக்கமே இருக்காது. அந்த நேரத்தில் ‘நாளைக்கு சார்ட் பேப்பர், கிராஃப் நோட்டு வாங்கிட்டு வா’ என்று ஒரு புது டீச்சர் சொன்னால் பிள்ளை அடுத்த நாள் லீவு போட்டுவிடும். இதையெல்லாம் யாராவது சொன்னால்தானே தெரியும்! உங்கள் பள்ளி வேளச்சேரியில் இருக்கலாம், அம்பத்தூரில் இருக்கலாம். அங்கே தடைக்காலம் இருக்காது. வேறொன்று இருக்கும். கம்பெனி ஷிஃப்ட் மாறும் நாள், கட்டட வேலை நிற்கும் மழைக்காலம் என்று ஏதாவது. அதைக் காட்டுங்கள்.

வகுப்பை முழுசாகக் கொடுங்கள்

மூன்றாவது நாள் பெரிய டீச்சர் சொன்னது: “ஏழாவது ‘ஆ’ பிரிவு உன்னோடது. நான் உள்ளே வர மாட்டேன். வராண்டாவுல நிப்பேன். கூப்பிட்டா வருவேன்.”

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, அரை வகுப்பாகக் கொடுக்கக் கூடாது. ‘நான் நடத்துறேன், நீங்க நோட்டு திருத்துங்க’ என்று மாதக்கணக்கில் உதவியாளராக வைத்திருந்தால், பிள்ளைகள் அவரைக் கடைசி வரை உதவியாளராகத்தான் பார்ப்பார்கள். இன்னொன்று, கொடுத்துவிட்டுக் காணாமல் போகக் கூடாது. வராண்டாவில் நிற்க வேண்டும். அந்த நாட்களில் என் வகுப்பில் இரைச்சல் எழும்போதெல்லாம் பெரிய டீச்சருக்கு உள்ளே வரத் தோன்றியிருக்கும். அவர் வந்து நின்றால் ஒரு நொடியில் வகுப்பு அடங்கிவிடும். ஆனால் அப்படி அடங்கினால் அது அவருக்கு அடங்கியது. அடுத்த நாள் என்னிடம் இரைச்சல் இன்னும் ஏறும். அவர் ஒரு தடவைகூட வரவில்லை.

ஜூலை முதல் வாரம் நான் அழுதேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, குரலே வராமல், சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஆயாம்மா பார்த்துவிட்டு டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். டீச்சர் வந்தார். ‘எல்லாம் சரியாயிடும்’ என்று சொல்லவில்லை. கையில் இருந்த டம்ளரை நீட்டி, “டீ ஆறுது பாரு, குடி” என்றார். நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றார். அப்புறம், “நாளைக்கு உன் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காரட்டுமா? நீ சொன்னாத்தான்” என்று கேட்டார்.

நீங்களும் இப்படிக் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். அனுமதி கேட்காமல் வந்து உட்கார்ந்தால் அது இன்ஸ்பெக்‌ஷன்.

கடைசி பெஞ்சில் என்ன எழுதுவது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய டீச்சர் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்து கடைசி பெஞ்சில், பிள்ளைகளோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாற்பது நிமிடப் பீரியட். முடிந்ததும் எழுந்து போய்விட்டார். மூன்று மணிக்கு மேல் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். அதில் இவ்வளவுதான் இருந்தது:

“பேசியது: டீச்சர் 29 நிமிடம். பிள்ளைகள் 3. பலகையில் எழுதியது 8.
கேள்வி 22. பதில் சொன்ன பிள்ளைகள் 4. நாலு பேரும் முதல் ரெண்டு பெஞ்ச்.
கேள்வி கேட்டு டீச்சரே பதில் சொன்னது 15.
ஜன்னல் பக்கம் பார்த்தது 0.
2/5 எப்படி வந்தது? கேட்கவில்லை.”

நன்றாக இருந்தது, நன்றாக இல்லை என்று ஒரு சொல் கிடையாது. வெறும் எண்ணிக்கை. ‘உனக்கு வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை’ என்று அவர் எழுதியிருந்தால் இன்னொரு தடவை அழுதிருப்பேன். இருபத்திரண்டு கேள்விக்குப் பதினைந்து பதிலை நானே சொன்னேன் என்று பார்த்தபோது அழுகை வரவில்லை. இதை மாற்ற முடியும் என்றுதான் தோன்றியது. எண்ணிக்கையோடு சண்டை போட முடியாது.

அதனால் நீங்கள் உட்காரும்போது எதையாவது எண்ணுங்கள். எத்தனை கேள்வி, யார் யார் பதில் சொன்னார்கள், எந்தப் பெஞ்சுப் பக்கம் அவர் போகவே இல்லை, ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட்டார். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று விஷயம் போதும். எல்லாவற்றையும் எழுதினால் நோட்டைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் விடும் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாக வந்தன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். பெரிய டீச்சருக்கு இந்த ஆய்வு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் எனக்குச் சொன்னது இதுதான்: “கேள்வியைக் கேட்டுட்டு ஜன்னல் வரைக்கும் நடந்து போ. ஜன்னலைத் தொட்டுட்டுத் திரும்பினப்புறம் பதில் கேளு.” என் வகுப்பில் பலகையிலிருந்து ஜன்னலுக்கு நாலு எட்டு. ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை என்று எழுதியிருந்தாரே, அதற்கும் சேர்த்து ஒரே வைத்தியம். ‘பொறுமையாக இரு’ என்று ஒரு புது டீச்சரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. காலுக்கும் கைக்கும் ஒரு வேலையாகச் சொல்லுங்கள்.

அந்த 2/5 கதையையும் சொல்லிவிடுகிறேன். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொல்லியிருந்தேன். ஜன்னலோரம் ஒரு பையன் 2/5 என்றான். “தப்பு, உக்காரு” என்று சொல்லிவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டேன். நோட்டில் டீச்சர் கேட்டிருந்ததை மறுநாள் நான் அவனிடம் கேட்டேன். “மேல இருக்கறதைக் கூட்டினேன், கீழ இருக்கறதைக் கூட்டினேன் மிஸ்” என்றான். அவன் அம்மா பூ கட்டி விற்பவர். அது தெருவில் நடந்து போனதால்தான் எனக்குத் தெரியும்.

“அரை முழம் பூ இருக்கு. அதோட மூணுல ஒரு பங்கு முழம் சேர்த்துக் கட்டினா, அரை முழத்தை விடக் கூடுமா, குறையுமா?”

“கூடும் மிஸ்.”

“சரி, நீ சொன்ன அஞ்சுல ரெண்டு அரையை விடப் பெரிசா, சின்னதா?”

காகிதப் பட்டையை மடித்து மடித்துப் பார்த்தான். அஞ்சாக மடிப்பது கஷ்டம், ரொம்ப நேரம் ஆனது. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வகுப்பே அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் நிமிர்ந்து, “அரைக்குக் கம்மி மிஸ்” என்றான். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “அப்ப மீதிப் பூ எங்க மிஸ் போச்சு?” என்றான்.

அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆறு ஆறாக மடித்துப் பார்த்தால் இரண்டு பங்கும் ஒரே அளவில் வரும் என்று பின் பெஞ்சில் ஒரு பெண் கண்டுபிடித்தாள். மூன்றும் இரண்டும் ஐந்து. ஆறில் ஐந்து. காணாமல் போன பூவை அவர்களே தேடி எடுத்துவிட்டார்கள். கடைசி பெஞ்சில் டீச்சர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நோட்டில் இருந்தது: “டீச்சர் 14. பிள்ளைகள் 17. மீதி மடித்தது.”

எப்போது பேசுவது

வகுப்பு முடிந்த உடனே பேசாதீர்கள். ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் காதுபட வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் முன்னால் திருத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு தடவை டீச்சர் உட்கார்ந்திருக்கும்போதே பலகையில் 7×8=54 என்று எழுதிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நிமிடம் கழித்து ஒரு பெண் எழுந்து, “மிஸ், ஐம்பத்தாறு இல்ல?” என்றாள். நான் பார்த்துவிட்டு, ஆமாம், நன்றி என்று சொல்லித் திருத்தினேன். கடைசி பெஞ்சிலிருந்து அவர் முந்திக்கொண்டு சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிள்ளைகள் அதற்குப் பிறகு ஒவ்வொரு கணக்குக்கும் என்னைப் பார்க்காமல் பின்னால் திரும்பி அவரைப் பார்த்திருப்பார்கள்.

பேச ஆரம்பிக்கும்போது அவர் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “இன்னிக்குப் புதுசா யாரு வாயைத் திறந்தாங்க?” நான் எப்படி நடத்தினேன் என்பதல்ல, ஒரு பிள்ளையைப் பற்றிய கேள்வி. நான் என் கவலையை விட்டு வெளியே வந்து பிள்ளையை யோசிக்க ஆரம்பிப்பேன். சில நாள் பதில் இருக்காது. “சரி, நாளைக்குப் பாக்கலாம்” என்பார். அவ்வளவுதான் பேச்சு.

உங்கள் வகுப்பையும் திறந்து வையுங்கள்

அவர் என் வகுப்பில் உட்கார்ந்த அளவுக்கு நான் அவர் வகுப்பிலும் உட்கார்ந்தேன். முக்கியமாக, அவருக்குச் சரியாகப் போகாத நாட்களிலும். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் இயற்கணிதம் நடத்தினார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் முதல் பீரியட், மின்விசிறியும் ஓடவில்லை, பாதிப் பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள். அவர் பாதியில் நிறுத்தி, “இன்னிக்கு நான் சொல்றது உங்களுக்குப் போய்ச் சேரலை. நாளைக்கு வேற மாதிரி வர்றேன்” என்று சொல்லிவிட்டு வாய்ப்பாடு விளையாட்டுக்குப் போய்விட்டார். முப்பது வருடம் நடத்தியவருக்கே இப்படி ஒரு பீரியட் போகும் என்று பார்த்தது எனக்கு அந்த வருடத்திலேயே பெரிய ஆறுதல். மாதிரி வகுப்பு என்று ஜோடித்துக் காட்டும் வகுப்பில் இது கிடைக்காது.

பாடக்குறிப்பு எழுதுவதைப் பற்றி ஒரு வரி: எத்தனை பக்கம் எழுதச் சொன்னாலும், ஓரத்தில் ‘இன்று பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள்’ என்று ஒரு வாக்கியம் எழுதப் பழக்கிவிடுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும். எமிஸ் என்ற பள்ளித் தகவல் பதிவு, சின்ன வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட மதிப்பீடு போன்ற செயலி வேலைகளைப் புதியவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்காகப் பள்ளியின் மொத்தப் பதிவையும் அவர்கள் தலையில் கட்டிவிடாதீர்கள். பல பள்ளிகளில் இதுதான் நடக்கிறது. வகுப்பறையில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வருடம் செல்போன் திரையில் போய்விடுகிறது.

புதியவர் தவறு செய்யும் நாள்

இது எழுதக் கஷ்டமான பகுதி. அக்டோபரில், காலாண்டு விடுமுறை முடிந்து வந்த வாரம், ஒரு பையனை மர ஸ்கேலால் கையில் அடித்தேன். எதற்கு என்றுகூட இப்போது நினைவில்லை. அவன் முகம் மட்டும் நினைவிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் 17-ஆவது பிரிவு பிள்ளையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. தெரிந்துதான் இருந்தேன். தெரிந்தும் கை ஓங்கிவிட்டது.

சாயங்காலம் நானே போய் டீச்சரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. “எச்.எம்.கிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் வாசல்ல நிக்கிறேன்” என்றார். நான் உள்ளே போய்ச் சொன்னேன். தலைமையாசிரியர் கோபப்பட்டார், எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அப்புறம் டீச்சரை உள்ளே கூப்பிட்டார். கதவு பாதி திறந்திருந்தது. “இந்தப் பொண்ணு தேறுமா டீச்சர்?” என்று அவர் கேட்டதும், “அவ நிப்பா சார், நான் சொல்றேன்” என்று இவர் சொன்னதும் என் காதில் விழுந்தது.

அதற்கு அப்புறம் பையன் வீட்டுக்குப் போனோம். அங்கேயும் டீச்சர் வாசற்படியில்தான் நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான் என்பதால் என்னைத்தான் உள்ளே அனுப்பினார். அந்த அம்மா பாய் விரித்து உட்காரச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, “அவங்கப்பாவும் அடிப்பாரு மிஸ். நீங்களாச்சும் அடிக்காதீங்க” என்றார். அன்றோடு அந்த ஸ்கேல் என் மேஜைக்குத் திரும்பவில்லை.

உங்கள் பொறுப்பில் இருக்கும் புதியவர் இப்படி ஏதாவது செய்துவிட்டால், மூடி மறைக்க உதவாதீர்கள். பிள்ளைக்குச் செய்யும் துரோகம் அது. அவருக்காக நீங்கள் போய்ப் பேசவும் வேண்டாம். அவரைப் பேச வைத்துவிட்டு, கூப்பிடு தூரத்தில் நில்லுங்கள். நம்பிக்கை வைப்பது என்று சொல்கிறோமே, அதை நான் பார்த்தது அந்த வாசற்படியில்தான்.

டீச்சர் ராயபுரம் புனித பேதுரு ஆலயத்துக்குப் போகிறவர். வெள்ளிக்கிழமைகளில் என் பெயரையும் சொல்லி மெழுகுவத்தி ஏற்றுவார் என்பது பல வருடம் கழித்து அவர் மகள் சொல்லித்தான் தெரிந்தது. என்னிடம் ஒரு தடவையும் சொன்னதில்லை. அந்த விசுவாசத்தை நான் முறையாக எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அடியில் அது இருந்தது என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவரோடு இன்றைக்கும் உடன்பாடில்லை. அவர் பாராட்டவே மாட்டார். அந்த வருடம் முழுக்க நோட்டில் ஒரே ஒரு ‘நல்லது’தான். அதுவும் 7×8-க்குக் கீழே: “அந்தப் பொண்ணுக்கு நன்றி சொன்னது நல்லது.” எனக்கு அது போதவில்லை. பல நாள் ராத்திரி, நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ என்று படுத்திருக்கிறேன். ஒரு சொல் இருந்திருந்தால் தூங்கியிருப்பேன். அதனால் புதியவரிடம் நான் சொல்கிறேன். ஆனால் அவரிடம் கற்றபடி, பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ‘சூப்பர் சார்’ என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. ‘அந்தப் பிள்ளை தப்பாச் சொன்னப்ப எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்களே, அதனாலதான் அவ மறுபடியும் கை தூக்கினா’ என்றால் நாளைக்கும் அதைச் செய்வார்.

விலகிக்கொள்வது

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது டீச்சர் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். பாதிப் பக்கம் காலியாக இருந்தது. “இனிமே நீயே எண்ணிக்கோ” என்றார். மதியம் டீ குடிப்பது மட்டும் நிற்கவில்லை. ஆறு மாதம் என்பது எல்லோருக்கும் பொருந்தும் கணக்கில்லை. சிலருக்கு மூன்று மாதம் போதும், சிலருக்கு ஒரு வருடம் ஆகும். அவரே உங்களைக் கூப்பிடாமல் வகுப்பில் ஒரு சிக்கலைத் தீர்த்துவிட்டு, மறுநாள் சாதாரணமாக அதைச் சொல்கிறார் என்றால் நேரம் வந்துவிட்டது.

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இதைப் படித்தால்: உங்களுக்கு ஒரு பெரிய டீச்சர் தானாக வருவார் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிப் பேசுகிறவர் யார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். அவரிடம் போய், ‘உங்க கிளாஸ்ல ஒரு பீரியட் உக்காரட்டுமா’ என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பெரிய டீச்சர் 2016-இல் ஓய்வு பெற்றார். விழா முடிந்து மாலைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஐந்து வருடமாக மனதில் இருந்ததைக் கேட்டேன். “என்னைப் பார்த்து என்ன நம்பிக்கை வந்துச்சு டீச்சர் உங்களுக்கு? ஒண்ணுமே தெரியாம இருந்தேனே.” அவர் யோசிக்கவே இல்லை. “சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னாடி அப்படி அழுதியே. மறுநாள் எட்டே முக்காலுக்கு வந்து பார்த்தா, நீ எனக்கு முன்னாடி வந்து பலகையைத் துடைச்சிட்டு இருந்தே” என்றார்.

இந்த வருடம் வந்த இருவரில் ஒருவர் விழுப்புரத்துப் பையன். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கி, பஸ் மாறி வருகிறார். என்னை ‘மேடம்’ என்கிறார். போன வாரம் அவரிடம் கேட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தசம எண்கள். 0.5 பெரியதா, 0.45 பெரியதா என்று கேட்டார். கேட்ட கையோடு அவரே பதிலைச் சொல்லிவிட்டார். எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நோட்டில் ஒரு கோடு போட்டேன். அன்றைக்கு மொத்தம் 17 கோடு.

நேற்று மறுபடியும் உட்கார்ந்தேன். அவர் வகுப்பில் ஜன்னல் வலப்பக்கம் இருக்கிறது. கேள்வியைக் கேட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை நோக்கி நடந்தார். பாதியில் ஒரு தடவை திரும்பப் பார்த்தார், பிறகு மறுபடியும் நடந்தார். வகுப்பு அமைதியாக இருந்தது. எனக்கு முன் பெஞ்சில், இரண்டு மாதமாக ‘உள்ளேன் சார்’ தவிர வேறு பேசாத பெண் ஒருத்தி மெதுவாகக் கையைத் தூக்கினாள். நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன், 11.20. நோட்டை மூடிவிட்டு, சத்தம் வராமல் எழுந்து வராண்டாவுக்கு வந்தேன்.